மலையைச் சுற்றும் தடம்: கொல்லங்கோட்டிலிருந்து காந்தலூர் வரை

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் பரம்பிக்குளத்தில் குடியிருக்கும் ஒருவர் முதலமடைக்கு வண்டியில் வரவேண்டுமென்றால், டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டின் சேத்துமடைக்கு இறங்கி, ஆனைமலையையும் அம்பராம்பாளையத்தையும் சுற்றிக்கொண்டு, கோவிந்தாபுரத்தில் மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். சொந்த ஊராட்சிக்குப் போக அடுத்த மாநிலத்தைத் தாண்டுகிறார்கள். நடுவில் நிற்பது மலையும் காடும். இந்த அத்தியாயத்தின் பாதையும் அந்த மலைக்கு வழிவிட்டுச் சுற்றுகிற பாதைதான்.

பாலக்காடும் இடுக்கியும் அடுத்தடுத்த மாவட்டங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் பொது எல்லை கிடையாது. நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், வால்பாறை, இரவிகுளம் என்று ஆனைமலைத் தொடர் இரண்டுக்கும் நடுவே கிடக்கிறது. அதன் உச்சியில் ஆனைமுடி, 2,695 மீட்டர். கைபேசி வரைபடத்தைப் பெரிதாக்கினால் காட்டுக்குள் மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றைப் பிடித்து ஒரே நேராக மூணாறு போய்விடலாம் என்று திட்டம் போடுபவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்தக் கோடுகள் வனத்துறையின் ஜீப் தடங்கள். அவற்றில் சைக்கிள் போக அனுமதி இல்லை, அனுமதிக்கக் காரணமும் இல்லை.

மலையின் வடக்கு அடிவாரத்தையே பிடித்துக்கொண்டு கொல்லங்கோடு, முதலமடை, ஆனைமலை, தளி, அமராவதி, சின்னாறு என்று சுற்றினால் நான்கு நாளில் மறையூருக்கு மேலே காந்தலூரில் நிற்கலாம். இடப்பக்கம் வயல், வலப்பக்கம் மலை என்ற நிலை முதல் இரண்டு நாளும் மாறாது. காட்டுக்கும் கழனிக்கும் இடையிலுள்ள அந்த ஓரப் பட்டைதான் இந்தப் பகுதியில் மண்பாதைச் சைக்கிளுக்கு வாய்த்த இடம்.

சைக்கிளும் இட்டேரியும்

கிராவல் பைக் என்பது பந்தயச் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரும், அதைவிட அகலமான டயரும் கொண்ட வண்டி. தார்ச் சாலையில் வேகம் குறையாது, கப்பியிலும் செம்மண்ணிலும் தடுமாறாது. 2006-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் கப்பிச் சாலைகளில் 200 மைல் போட்டி ஒன்று தொடங்கியது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்த வகைச் சைக்கிள் உலகமெங்கும் பரவிவிட்டது. இங்கே அப்படிப்பட்ட பாதைகளுக்கு வெகுகாலமாகவே பெயர் உண்டு. கொங்கு நாட்டில் இட்டேரி என்பார்கள்.

இட்டேரி என்றால் இரண்டு தோட்டங்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு விட்ட பாதை. இருபுறமும் கிளுவையும் கள்ளியும் வேலியாக நிற்கும். நடுவில் சக்கரம் அறுத்த இரண்டு தடங்கள், அவற்றுக்கு இடையே ஒரு புல் வரிசை. வேலிக்குள் காடை, கௌதாரி, கீரி, உடும்பு எல்லாம் குடியிருக்கும். வண்டிகள் குறைந்தபின் பல இட்டேரிகள் தார் கண்டுவிட்டன, சிலவற்றை வேலியோடு அழித்துத் தோட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். எஞ்சியவை பொள்ளாச்சிக்குத் தெற்கிலும் உடுமலைக்குத் தெற்கிலும் நிறைய இருக்கின்றன. விடிகாலையில் பால் கேனைத் தொங்கவிட்ட சைக்கிள்கள் அவற்றில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வழி கேட்பதானால் பால்காரரிடம் கேளுங்கள். எந்தத் தடம் எங்கே முட்டுகிறது, எந்தத் தோப்பில் நாய் பொல்லாதது, எந்தப் பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

இந்தத் தடங்களில் சைக்கிளுக்குப் பெரிய பகை கல் அல்ல, முள். தை பிறந்ததும் நெருஞ்சி காய்ந்து மண்ணில் பரவிக் கிடக்கும். வேலி வெட்டிய இடத்தில் கருவேல முள் கிடக்கும். என் முதல் பயணத்தில் டியூப் போட்ட 32 மில்லிமீட்டர் டயரோடு தளிப் பக்கம் ஒரு இட்டேரிக்குள் நுழைந்து, ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இரண்டு சக்கரமும் காற்றிறங்கி, வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர் சேர்ந்தேன். அதிலிருந்து 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை இந்தப் பக்கம் கொண்டுவருவதில்லை. டியூப் இல்லாத டயரில் சீலண்ட் ஊற்றிக்கொள்வது இங்கே கட்டாயம். கிளம்பும் முன் அது உறைந்துவிடவில்லை என்று குலுக்கிப் பாருங்கள், பாலக்காட்டு வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். காற்று 35 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கட்டும், ஆள் கனமானால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். ஊர்ச் சைக்கிள் கடைகளின் பம்பு உங்கள் மெல்லிய வால்வுக்குப் பொருந்தாது. அதனால் அடாப்டரோடு ஒரு சின்னக் கைப்பம்பும், உதிரி டியூப் இரண்டும் பையில் இருக்க வேண்டும். நெருஞ்சி முள் டயரில் தைத்திருந்தால் உடனே பிடுங்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றி அந்த இடத்தைக் கீழே கொண்டுவந்து, பிறகு பிடுங்கினால் சீலண்ட் வந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

கியர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மறையூர் ஏற்றத்துக்கும் காந்தலூர் ஏற்றத்துக்கும் முன்பல்சக்கரத்தைவிடப் பின்பல்சக்கரம் பெரிதாக அமையும் ஒரு கியராவது இருந்தால்தான் முழங்கால் பிழைக்கும். முன்னால் 40 பல், பின்னால் 42 பல் போதும். சுமை ஏற்றுவதானால் 46 நல்லது.

காற்றைப் பார்த்துத் திசை தேர்ந்தெடுங்கள்

தென்னிந்தியாவில் வேறெந்தப் பாதைக்கும் இவ்வளவு கறாராகச் சொல்லமாட்டேன். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன வாசல். அந்த வாசல் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து காற்று கொங்கு நாட்டுக்குள் பாயும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த மண்ணில் நாள்தோறும் காண்கிற காட்சி. உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் காரணம் அதுவே. மார்கழி, தை மாதங்களில் காற்று திரும்பிவிடும். வறண்ட கீழ்க்காற்று கிழக்கிலிருந்து பாலக்காட்டுக்குள் வீசும். உதடு வெடிக்கும், பனையோலை இரவெல்லாம் சலசலக்கும்.

ஆகவே ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ போவதானால் இந்த அத்தியாயம் சொல்லும் வரிசையிலேயே, மேற்கிலிருந்து கிழக்காகப் போங்கள். காற்று முதுகைத் தள்ளும். டிசம்பர், ஜனவரியில் போவதானால் முழுப் பாதையையும் திருப்பிப்போட்டு, காந்தலூரில் தொடங்கிக் கொல்லங்கோட்டில் முடியுங்கள். எதிர்க்காற்றில் ஒரு நாள் முழுக்க வாய்க்கால் மேட்டில் மிதிப்பது மலையேறுவதைவிடக் கொடுமை, அதில் உச்சி என்று ஒன்று வருவதே இல்லை.

ஜூன், ஜூலையில் கொல்லங்கோட்டுப் பக்கம் கனமழை. அதே நாளில் மலைக்கு மறுபக்கம் உடுமலையில் வெறும் சாரல் தூறும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குப் பாதியை நனைக்கும். உடுமலை வட்டாரத்தில் செம்மண்ணுக்கு நடுவே கரிசல் திட்டுகள் வரும். மழைக்குப் பிந்தைய நாள் கரிசலில் இறங்கினால் களி சக்கரத்தில் அப்பி, நூறடிக்குள் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். மழை பெய்திருந்தால் அன்று தார்ச் சாலையிலேயே போங்கள். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை இந்தப் பயணமே வேண்டாம் என்பேன். பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும், காட்டுத்தீக் காலம் அது, யானைகளும் தண்ணீர் தேடிக் கீழே இறங்கும் காலம்.

முதல் நாள்: கொல்லங்கோட்டிலிருந்து ஆனைமலை

கொல்லங்கோடு பாலக்காட்டுக்குத் தெற்கே 20 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பாலக்காடு - பொள்ளாச்சி ரயில்பாதையில் நிலையமும் உண்டு. இந்தப் பாதை அகலப்பாதையாகி 2015-இல் மறுபடி திறக்கப்பட்டது. சைக்கிளை ரயிலில் கொண்டுவருவதானால் பாலக்காடு சந்திப்புவரை பார்சலில் போட்டு, அங்கிருந்து மிதித்து வருவது சுலபம். வழியில் கிணாசேரிப் பக்கம் தஸ்ராக் என்ற சிற்றூர் வரும். ஓ.வி. விஜயன் 1969-இல் வெளியிட்ட 'கசாக்கின் இதிகாசம்' நாவல் உருவான ஊர் இது. யூமா வாசுகியின் தமிழாக்கத்தில் அந்த நாவலைப் படித்தவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பனைகளும் விஜயன் நினைவில்லமும் இருக்கின்றன.

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே மலை படிப்படியாக உயராமல் சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதற்குத் தென்மலை என்று பெயர். மழைக்காலத்தில் அதன் முகத்தில் வெள்ளைக் கோடுகளாக அருவிகள் இறங்கும், சீதார்குண்டு அவற்றில் பெரியது. சுவருக்கும் ஊருக்கும் நடுவே நெல்வயல். வரப்பில் சைக்கிள் ஓட்டாதீர்கள், வரப்பு உழவரின் உழைப்பு. இங்கே கனால் என்று சொல்லும் வாய்க்கால்களின் கரையில் மண்பாதை கிடக்கும், அதைப் பிடித்தாலே போதும். கிழக்கே போகப்போக வயல் மறைந்து மாந்தோப்பு வரும். முதலமடை மாங்காய் நாட்டிலேயே முந்திக் காய்க்கும் மாங்காய்களில் ஒன்று, ஜனவரியிலேயே லாரி ஏறத் தொடங்கிவிடும். பூப்பிடிக்கும் காலத்தில் தோப்புகளில் மருந்தடிப்பார்கள். அந்த வாடை வந்தால் நிற்காமல் கடந்துவிடுங்கள், தோப்போர ஓடைத் தண்ணீரைக் குடிக்கவோ முகம் கழுவவோ வேண்டாம். குடிதண்ணீரைக் கொல்லங்கோட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதலமடை ரயில் நிலையத்து நடைமேடையில் ஆலமரங்கள் விழுது விட்டு நிற்கின்றன. காலை உணவுக்குப் பிந்தைய ஓய்வுக்கு இதைவிட நல்ல நிழல் அன்றைக்குக் கிடைக்காது. பிறகு சுள்ளியார் அணை, மீன்கரை அணை. இரண்டும் காயத்ரிப்புழையின் நீர்ப்பிடிப்பில் கட்டியவை. அணையையொட்டிய செம்மண் தடங்கள்தான் கேரளப் பக்கத்தில் இந்தப் பாதையின் சிறந்த பகுதி: இறுகிய மண், ஏற்ற இறக்கம் குறைவு, தண்ணீருக்கு அப்பால் மலைச்சுவர் முழுவதும் தெரியும். அணைக்கரை மேலேயே ஏறாதீர்கள், அங்கே காவல் உண்டு.

அணைகளுக்குத் தெற்கே செம்மணாம்பதி என்றொரு எல்லையூர். அதுவரை போய்த் திரும்பலாம் என்று சிலர் சொல்வார்கள். பகலில் போகலாம். காலை எட்டுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் வேண்டாம், மாந்தோப்புக்கு யானை இறங்கும் இடம் அது.

கோவிந்தாபுரத்தில் எல்லை. பெயர்ப் பலகையின் எழுத்து மாறும், சாயா டீயாகும், நெல்லும் மாவும் முடிந்து தென்னை தொடங்கும். பேச்சு மட்டும் இரண்டு பக்கமும் இரண்டு மொழியும் கலந்ததாகவே இருக்கும். அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றைத் தாண்டி ஆனைமலை ஊருக்கு வந்துவிடலாம். மாசாணியம்மன் கோயில் இங்கேதான். அமாவாசை நாள்களில் சுற்றுவட்டச் சாலைகள் எல்லாம் நிரம்பிவிடும், தங்கவும் இடம் கிடைக்காது. நாள் பார்த்து வாருங்கள்.

இரண்டாம் நாள்: வாய்க்கால் மேடு

ஆனைமலையிலிருந்து கோட்டூர், அர்த்தநாரிபாளையம், தேவனூர்புதூர், தளி என்று கிழக்கே போக வேண்டும். ஊர்களை இணைக்கும் தார்ச் சாலை இருக்கிறது. அதைவிட்டு எப்போது இறங்குவது, எங்கே மறுபடி ஏறுவது என்பதுதான் இந்த நாளின் கலை.

இந்த நாட்டின் பாசனத்தைப் புரிந்துகொண்டால் பாதையும் புரியும். பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம், ஊர்ப்பேச்சில் பி.ஏ.பி., மேற்கே ஓடவேண்டிய மலைத்தண்ணீரைத் திருப்பிக் கிழக்கே கொண்டுவருகிறது. சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணைக்கு மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 49 கிலோமீட்டர் ஓடுவது காண்டூர் கால்வாய். காட்டுக்குள் ஓடும் கால்வாய் இது, இதன் கரையில் நமக்கு வேலை இல்லை. திருமூர்த்தி அணைக்குக் கீழேயுள்ள பிரதானக் கால்வாயும் கிளை வாய்க்கால்களும்தான் நமக்கு. பாசனப் பரப்பை நான்கு மண்டலமாகப் பிரித்து, முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். அதனால் ஒரு வாய்க்காலில் தண்ணீர் புரளும்போது இன்னொன்று வறண்டு கிடக்கும்.

வாய்க்கால் மேட்டுப்பாதை பொதுவாகக் கப்பியும் செம்மண்ணும் கலந்தது. சரிவே தெரியாத சமநிலம். தண்ணீர் தன் போக்கில் ஓட எந்தச் சாய்வு போதுமோ அதே சாய்வில் நீங்களும் ஓடுவீர்கள், மணிக்கு 20 கிலோமீட்டர் அலட்டாமல் வரும். மதகு வரும் இடங்களில் பாதை குறுகும், அங்கே இறங்கித் தள்ளுங்கள். சிமென்ட் பூசிய வாய்க்காலில் குளிக்க இறங்காதீர்கள். சுவர் பாசி பிடித்து வழுக்கும், ஓட்டம் கண்ணுக்குத் தெரிவதைவிட வேகமாக இருக்கும், ஏறிவரப் பிடிமானம் கிடைக்காது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஒவ்வொரு தண்ணீர் முறையிலும் இந்த வாய்க்கால்களில் உயிர் போகிறது. இருட்டிய பிறகு கரையில் இருக்கவும் வேண்டாம். தண்ணீர்த் திருட்டைத் தடுக்க ரோந்து வருவார்கள், அவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது.

தென்னந்தோப்புத் தடங்கள் வேறு மாதிரி. காய்ந்த மட்டையும் ஈர்க்கும் பின்கியருக்குள் நுழைந்து கம்பியை வளைத்துவிடும். சரசரவென்று சத்தம் கேட்டால் மிதிப்பதை உடனே நிறுத்திப் பாருங்கள். தோப்பு நாய் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிளை வைத்து, மெல்லத் தள்ளிக்கொண்டு போனால் எல்லை தாண்டியதும் அது நின்றுவிடும். தோப்புக்குள் ஆள் இருந்தால் கேட்டுவிட்டுப் போவது மரியாதை. "ஏனுங்க, இப்படிப் போனா தளி ரோட்ல ஏறிக்கலாங்களா?" என்று ஒரு குரல் கொடுத்தால் பெரும்பாலும் வழியோடு ஓர் இளநீரும் கிடைக்கும்.

எச்சரிக்கையும் கிடைக்கும். அர்த்தநாரிபாளையத்துப் பக்கம் ஒரு காலை, மலையைப் பார்த்துப் போகும் ஒரு செம்மண் தடத்தில் நான் திரும்பியபோது, மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்த பெரியவர் கையைத் தட்டி நிறுத்தினார். "தம்பி, அந்தப் பக்கம் வேண்டாமுங்க. ராத்திரி வந்ததுக ரெண்டு இன்னும் மேல ஏறுல. தோப்புக்குள்ளதான் நிக்குதுக." நான் திரும்பிவிட்டேன். அடிவாரத்து விவசாயிகள் ஆண்டின் பாதி இரவுகளைத் தோட்டத்தில் கண்விழித்துக் கழிக்கிறார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதற்குமேல் கேள்வி கேட்காதீர்கள். மலையை நோக்கிப் போகும் தடம் எதையும் விட்டுவிட்டு, மலைக்கு இணையாக ஓடும் தடத்தை மட்டும் எடுப்பது என் வழக்கம். விடியும் முன் தோட்டத்து மின்வேலி அருகேயும் போகக்கூடாது, சோலார் வேலி என்று நம்பித் தொட்ட கம்பியில் நேரடி மின்சாரம் இருந்தால் கதை முடிந்தது.

தளிக்குத் தெற்கே திருமூர்த்திமலை. அமணலிங்கேசுவரர் கோயில், மேலே பஞ்சலிங்க அருவி. மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும், ஆற்றோரம் சைக்கிளை நிறுத்தாதீர்கள். இரவு தங்க உடுமலைப்பேட்டைக்குப் போய்விடுவது நல்லது. சுமார் 20 கிலோமீட்டர். அங்கே சைக்கிள் கடையும் மருத்துவமனையும் இருக்கின்றன. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் இங்கேயே மாற்றுங்கள், அடுத்த ஊரில் கிடைக்காது.

மூன்றாம் நாள்: சின்னாற்றுச் சாலை

உடுமலையிலிருந்து மறையூர் சுமார் 45 கிலோமீட்டர். ஒன்பதாறு சோதனைச்சாவடிவரை அவசரமில்லை. மானுப்பட்டிவரை இட்டேரிகள் உண்டு. நேரம் இருந்தால் அமராவதி அணைக்குப் போய்வரலாம். 1957-இல் கட்டிய அணை, 90 அடி உயரம், பக்கத்திலேயே முதலைப் பண்ணை. கல்லாபுரம் நெல்வயல்களின் ஓரம் காலை வெயிலில் மிதிப்பது நன்றாக இருக்கும். ஆனால் இந்தச் சுற்றை எடுத்தால் மறையூர் ஏற்றத்தை உச்சிவெயிலில் ஏறவேண்டிவரும். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அணையை விட்டுவிட்டு எட்டு மணிக்குச் சாவடியைத் தாண்டுவேன்.

ஒன்பதாறிலிருந்து மறையூர் நெருங்கும்வரை முழுக்கக் காடு, முழுக்கத் தார். முதலில் ஆனைமலைப் புலிகள் காப்பகம், சின்னாற்றுப் பாலம் தாண்டியதும் கேரளத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம். சாலையை விட்டு ஒரு சக்கரம்கூட இறங்கக்கூடாது. இரவில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. நேரம் மாறிக்கொண்டிருப்பதால் முந்தின நாளே உடுமலையில் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் காலை எட்டிலிருந்து மாலை மூன்றுக்குள் இந்தப் பகுதியைக் கடந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைபேசிக்குப் பெரும்பகுதி சிக்னல் வராது.

சின்னாறு மழைமறைவுப் பகுதி. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் பசுமை இங்கே கிடையாது. முள்மரமும் கள்ளியும் பாறையும்தான். ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவே மழை. 1984-இல் சரணாலயமான இந்த 90 சதுர கிலோமீட்டரில் சாம்பல் நிற மலை அணிலும் நட்சத்திர ஆமையும் வாழ்கின்றன. கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்றான பாம்பாறு உங்களுக்குப் பக்கத்திலேயே இறங்கி அமராவதிக்குப் போகிறது. சின்னாற்றுப் பாலத்திலிருந்து மறையூர்வரை ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். தண்ணீர் மூன்று லிட்டராவது வேண்டும்.

யானை எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்பதை இங்கே சொல்கிறேன். ஏற்றத்தில் நீங்கள் மணிக்கு ஆறேழு கிலோமீட்டரில் போவீர்கள். துரத்தினால் தப்ப முடியாது என்ற கணக்கை முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். வளைவுகளில் சத்தம் கேட்டு, புதிய சாணம், ஒடிந்த கிளை பார்த்துப் போங்கள். தூரத்தில் கண்டால் நின்று, சைக்கிளை ஓசையில்லாமல் இறக்கத்தின் பக்கம் திருப்பிவைத்து, பேருந்தோ லாரியோ வரும்வரை காத்திருங்கள். பேருந்து வந்தால் ஓட்டுநரிடம் கையைக் காட்டிச் சொல்லிவிட்டு அதன் மறைவில் நகரலாம். உடுமலை - மூணாறு ஓட்டுநர்களுக்கு இது பழக்கம். மணியடிப்பது, கத்துவது, படம் எடுப்பது மூன்றும் கூடாது. குட்டி தெரிந்தால் வந்த வழியே திரும்பிச் சாவடிக்குப் போய்விடுங்கள், அன்றைய பயணம் நாளைக்கு நடக்கட்டும்.

போகக்கூடாத பாதைகள்

சேத்துமடை - டாப்சிலிப் - பரம்பிக்குளம் சாலையில் இருசக்கர வண்டிகளை விடுவதில்லை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன், பேரிஜம் வழியாகக் கொடைக்கானலுக்குப் போன பழைய மலைச்சாலையைப் பற்றி எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். அது பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கிறது, பாம்பாடும்சோலையைத் தாண்டினால் காடு திரும்ப எடுத்துக்கொண்ட தடம். டாப் ஸ்டேஷன்வரை போவதற்குத் தடையில்லை. 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் தேயிலையைச் சுமந்து ஏறிய இடம் அது. அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலை கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடியோடு கொண்டுபோய்விட்டது. மூணாற்றில் ஒருநாள் கூடுதலாக இருப்பவர்கள் மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக அந்தச் சாலையில் மிதித்துவிட்டு வரலாம்.

கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தோளில் சுமந்தாவது இறங்கிவிடலாம் என்று கேட்டவர்களும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காய்ந்த புல்வெளியில் தீ ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது.

நான்காம் நாள்: அஞ்சுநாடு

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். மதுரைப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். தமிழ் பேச்சு இங்கே சரளமாக இருக்கும், வழி கேட்கச் சிரமமில்லை. மறையூர் சுமார் 1,000 மீட்டர் உயரம், காந்தலூர் சுமார் 1,500 மீட்டர். மறையூரில் பையை இறக்கிவைத்துவிட்டு வெறும் வண்டியோடு கிளம்புங்கள். மூன்று நாள் சுமையிழுத்த கால்களுக்கு இந்த நாள் ஒரு பரிசு.

மறையூரைச் சுற்றிக் கம்பிவேலி போட்ட சந்தனக் காடு. வேலிக்கு உள்ளே இருக்கும் தடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நுழையாதீர்கள். சந்தனக் கடத்தலைத் தடுக்க இரவும் பகலும் காவல் இருக்கிறது, பையோடு உள்ளே நிற்கும் அந்நியர் பதில் சொல்லியாக வேண்டும். ஊருக்கு மேலே பாறைத்தளத்தில் முனியறைகள் இருக்கின்றன. பெருங்கற்காலத்துக் கல்லறைகள் அவை, பலகைக் கற்களால் அமைத்தவை. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள். பலகைகள் மேல் உட்காரவும் சாயவும் வேண்டாம், ஏற்கெனவே சரிந்தவை பல.

காந்தலூருக்குக் கோவில்கடவு வழியாக ஏறும் சாலை சுமார் 15 கிலோமீட்டர். மேலே போனால் தோட்டங்களுக்கு நடுவே ஜீப் தடங்கள் பிரியும்: பூண்டு, காய்கறி, ஆப்பிள், பிளம்ஸ். இந்தப் பகுதியின் பூண்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பெருமலை, புத்தூர் ஊர்களுக்கு நடுவிலுள்ள மண்தடங்கள் செங்குத்தானவை, சில இடங்களில் உருளைக் கல். ஏறும்போது உட்கார்ந்தே மிதியுங்கள், எழுந்து நின்றால் பின்சக்கரம் சுழன்று நின்றுவிடும். இறங்கும்போது காற்றை 30 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து, கைகளை ஹேண்டிலின் கீழ்வளைவில் வைத்து, எடையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஜீப்புகள் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வரும், கேட்டால் ஓரத்தில் நின்று வழிவிடுங்கள். முதுவர் குடிகள் இருக்கும் பக்கம் தடம் போனால், அழைப்பில்லாமல் உள்ளே போகவேண்டாம்.

வந்த சாலையிலேயே இறங்காமல், கீழாந்தூர்த் தோட்டங்கள் வழியாக இறங்குங்கள். கரும்புக் காடுகள் தொடங்கும் இடத்தில் புகை தெரியும். மறையூர்ச் சர்க்கரைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரும்பை அங்கேயே ஆட்டி, சக்கையையே எரித்து, அகன்ற கொப்பரையில் காய்ச்சி, சூடு ஆறும் முன் கையால் உருண்டை பிடிக்கிறார்கள். ஆலைக் கொட்டகைக்குள் சைக்கிளைக் கொண்டுபோகாமல் வெளியே சாய்த்துவிட்டுக் கேட்டால், பாகு இறக்கும்வரை இருந்து பார்க்க விடுவார்கள். இரண்டு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். மறையூருக்குத் திரும்பும் கடைசி மூன்று கிலோமீட்டரில் ஒரு ஏற்றம் பாக்கியிருக்கிறது.